வறட்டு இருமல்

"எனக்கு வறட்டு இருமல்ங்க," என்றார் தையல்காரர்.

மருந்துக்கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமிச் சிரிப்பை விழுங்கினார். கடைக்காரர் மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "உள்ள வாங்கண்ணே, தொண்டையைப் பார்த்துடலாம்," என்றார்.

அலமாரிக்குப் பின்னால் சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு திரை. தையல்காரர் உட்கார்ந்ததும் ஆவென்று வாயைத் திறந்தார்.

"வாயை மூடிக்கலாம்ணே. கூச்சப்படாம சொல்லுங்க. உறை வேணுமா?"

"உறையா? தலையணை உறைன்னா நானே தைச்சுக்குவேனே!"

கடைக்காரர் எந்த உறை என்று பக்குவமாக விளக்கினார். தையல்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! பேரன் காலேஜ் போறான்யா எனக்கு! இது நிஜ இருமல்!" என்றவர், கத்திய வேகத்தில் நிஜமாகவே இருமித் தீர்த்தார்.

தப்பு கடைக்காரர் மேல்தான். ஆனால் நல்ல மனசோடு செய்த தப்பு.

போன வருடம் ஒரு இளம்பெண் வந்து கவுண்டர் ஓரமாக நின்றாள். ஆள் வர வர நகர்ந்து நின்றாள். கடைசியில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாளும் வந்து அதே தலைவலி மாத்திரை. மறுபடி அவள் வந்தபோது சில வாரங்கள் ஓடியிருந்தன. "அன்னிக்கே கேக்கணும்னுதான் சார் வந்தேன். வாய் வரல," என்று அழுதாள். கருத்தரிக்காமல் இருக்க உடனே போட்டிருக்க வேண்டிய மாத்திரை. அதற்கான நேரம் எப்போதோ போய்விட்டது. நல்ல டாக்டரிடம் அனுப்பி வைப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு மனசே ஆறவில்லை. வாய் வராமல் இனி ஒருத்தரும் தன் கடையை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அதற்குத்தான் அந்தப் போர்டு. மனைவிக்குக் கையெழுத்து முத்துமுத்தாக வரும். அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்: 'கேட்கக் கூச்சமா? வறட்டு இருமல் என்று சொன்னால் போதும். தனியாகப் பேசலாம்.'

ரகசியச் சொல்லைப் போர்டில் எழுதி ஊருக்கே காட்டிய புத்திசாலி இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் ஜனங்கள் வந்தார்கள். மாத்திரை போட மறந்துபோன புதுப்பெண் வந்தாள். அரிப்பைச் சொல்ல முடியாமல் நெளிந்த லாரி டிரைவர் வந்தார். ஒரு அம்மாள் வந்தாள். மாதவிலக்கு நிற்கிற வயசு. உடம்பு வறண்டு எரிச்சலாகி, புருஷன் பக்கத்தில் படுக்கவே பயந்துபோயிருந்தாள். கடைக்காரர் ஒரு ஜெல் கொடுத்தார். டாக்டரையும் பார்க்கச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொல்லிப் பொருமினார். யார், எவர் என்று மூச்சு விடவில்லை. "பக்கத்துல படுக்கிறவளுக்கு என்னன்னு கூடத் தெரியல. அவனெல்லாம் என்ன மனுஷன்?"

"அதானே," என்று மனைவி இருமினாள். "எனக்கும் வறட்டு இருமலா இருக்குங்க."

மறுநாளே நல்ல சிரப்பாகப் பார்த்துக் கொண்டுவந்தார். அதில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. இருமல் உங்க தூக்கத்தைக் கெடுக்கும், அங்கே ஃபேனும் நல்லா ஓடுது என்று அவள் மகளின் அறைக்குப் படுக்கப் போனபோதும், பெரிய பாட்டிலாகவே கொண்டுவந்தார்.

தையல்காரர் விவகாரத்துக்குப் பிறகு போர்டின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'உண்மையான இருமல் உள்ளவர்கள் நிஜ இருமல் என்று சொல்லவும்.'

வினை அங்கேதான் பிடித்தது. நிஜ இருமல் கௌரவமாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டவர்களும் அதையே சொன்னார்கள். உறைக்கு வந்த மாப்பிள்ளை சிரப்பு வாங்கிப் போனார். நெஞ்சுச் சளியோடு வந்த போஸ்ட்மேனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி விளக்கம் கிடைத்தது. தெருவில் யாராவது இருமினால் போதும், "என்ன, வறட்டா?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

போங்கடா என்று போர்டைக் கழற்றினார். உடனே தலைவலி மாத்திரை விற்பனை ஏறியது. போர்டு திரும்ப ஆணிக்கு வந்தது.

அன்று சாயங்காலம் மகள் காலேஜிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, வறட்டு இருமல்பா. ஏதாவது குடுங்களேன்," என்றாள்.

கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரார் பிள்ளைகளிடம் எவ்வளவு சுலபமாகப் பேசினார்! சொந்த மகளைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இவளும் வாய் வராமல் திரும்பிப் போய்விட்டால்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவள் அறையில் போய் உட்கார்ந்தார்.

"அம்மாடி, அப்பா திட்ட மாட்டேன். யாரு என்னன்னும் கேக்க மாட்டேன். எப்போன்னு மட்டும் சொல்லு."

"முந்தாநேத்துலேருந்துப்பா."

"ஐயோ, அப்போ நேரம் இருக்கு. மாத்திரையை இப்பவே போட்டுக்கலாம். ஆனா இனிமே ஜாக்கிரதையா..."

மகள் முழித்தாள். மெல்லப் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் சிரிப்பும் இருமலுமாகக் கட்டிலில் சரிந்தாள்.

"அப்பா! ஐஸ்கிரீம் தின்னேன்பா! நிஜ இருமல்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்று, அவர் கையைப் பிடித்தாள். "ஆனா திட்டாம கேட்டீங்க பாருங்க. என்னிக்காவது ஒண்ணுன்னா முதல்ல உங்ககிட்டதான் வருவேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இளம்பெண்ணை நினைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போனார். "பார்த்தியா? எங்கிட்ட சொல்லக் கூச்சப்படறவங்க இந்த வீட்ல ஒருத்தரும் கிடையாது."

மகளுக்குச் சிரப்பு எடுக்க மேல்தட்டைத் திறந்தார். அவர் கொண்டுவந்த பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"என்னடி இது? நீ இருமலுக்கு எதையுமே குடிக்கலையா?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தப் போர்டை எழுதினவளே நான்தாங்க. ஊரையே உள்ள கூப்பிட்டு என்னன்னு கேட்டீங்க, எனக்கு மட்டும் சிரப்பு வாங்கிட்டு வந்தீங்க."