யூனிட் அக்காவும் ரைட்டரின் மீட்டரும்

ஏற்காட்டில் மின்சாரமே பயந்து நடந்துகொண்டது எங்கள் யூனிட் அக்காவிடம் மட்டும்தான். பள்ளிச் சீருடை தைப்பவர். ஏரிக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வாடகை வீடுகள். மூன்றாவது அவருடையது. லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை பார்த்த நான் நாலாவதில் இருந்தேன்.

எந்தச் சாமானைக் கண்டாலும் கவிழ்த்துப் போட்டு, அடியில் எத்தனை வாட்ஸ் என்று படிப்பார். என் புது கெட்டிலையும் அப்படித்தான் கவிழ்த்தார். உள்ளே தண்ணீர் இருந்தது. நனைந்த முந்தானையைப் பிழிந்தபடியே, "ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் தம்பி. நாப்பது நிமிசம் ஓடுனா ஒரு யூனிட்டுங்க. பார்த்துக் காய்ச்சுங்க" என்றார். மிக்ஸிக்கு அவர் கணக்கு, நாற்பது சட்னிக்கு ஒரு யூனிட். தேங்காய் முற்றல் என்றால் முப்பத்தெட்டு.

வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கெழுதிய பழைய ரைட்டர். வீட்டுக்கு ஒரு சின்ன மீட்டர் வைத்து, அவரே கரண்டுக் காசு வசூலிப்பார். ஒருமுறை அக்காவுக்கு நூற்றுத்தொண்ணூறு யூனிட் என்று சீட்டு வந்தது.

"ஏனுங்க, என்ர ஊட்டுல அறுவத்துநாலுக்கு மேல ஓட வழியே இல்லீங்க."

"மீட்டர் பொய் சொல்லுமாங்க? கட்ட முடியலீன்னா காலி பண்ணிக்குங்க."

"கட்டவும் மாட்டேன், காலியும் பண்ண மாட்டேனுங்க."

மறுநாள் காலை அக்கா ரைட்டரையும் எங்களையும் தன் மீட்டர் முன்னால் நிறுத்தினார். வீட்டில் ஒரு பல்பு விடாமல் அணைத்திருந்தார். கரண்டு ஓடினால் மட்டும் துடிக்கும் மீட்டரின் சிவப்பு விளக்கு நிற்காமல் துடித்தது.

அக்கா நேராகக் கொல்லைப்பக்கம் போனார். அங்கே சுற்றுலாக்காரர்களுக்கென்று ரைட்டர் புதிதாகக் கட்டிய அறை. கதவைத் தட்டினார். தலை நிறைய சோப்பு நுரையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சுடுதண்ணி போட்டிருக்கீங்களா? அந்த சுவிட்சை ஒரு நிமிசம் அணைச்சிருங்க சாமி."

அவர் அணைத்தார். இங்கே மீட்டர் நின்றது. "நின்னுருச்சுக்கா" என்று கத்தினேன்.

"வயர்மேன் தப்பா இழுத்திருப்பானுங்க" என்றார் ரைட்டர், திரும்பி வந்த அக்காவிடம்.

"தப்பு அவருதாவே இருக்கட்டுங்க. சுடுதண்ணி யாருது?"

ரைட்டர் குரல் இறங்கியது. "சரிங்க, உங்களுக்கு மட்டும் குறைச்சுக்கறேன்."

"எனக்கு மட்டும் வேண்டாமுங்க. நாலு ஊட்டு வயரையும் பிரிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் யாரும் ஒத்தப் பைசா தரமாட்டோம்."

நாங்கள் அப்படி எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. ஆனால் அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் எல்லோரும் தலையாட்டினோம். ரெண்டே நாளில் வயரைப் பிரித்தார்கள். என் மீட்டரில் ரைட்டரின் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மகளோடு இருக்க அக்கா சேலத்துக்குப் போனபோது, அவர் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் ரைட்டர்தான். நான் போகவில்லை. லாட்ஜில் நொம்ப வேலை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அன்று லாட்ஜில் ஒருவர்கூடத் தங்கவில்லை. அழுதால் அக்கா பார்த்துவிடுவாரே என்றுதான்.