பல்லில் எடுத்த புழு

வியாழக்கிழமை வந்தால் அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழையாது. கன்னம் வீங்கியவர், தாடையில் துணி கட்டியவர், வேடிக்கை பார்க்க வந்து பக்கத்து ஆள் சொன்னதைக் கேட்டே வலி வரவழைத்துக்கொண்டவர் என்று இருநூறு பேர் நிற்பார்கள். எல்லாம் பல்லையாவைப் பார்க்கத்தான். பல்வலிக்குக் காரணம் புழு என்று கண்டுபிடித்த மகான் அவர். "கண்ணை மூடு, வாயைத் திற" என்பார். கன்னத்தில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். கிண்ணத்துத் தண்ணீரில் துப்புவார். வெள்ளையாக ஒரு புழு நெளியும். தோலில் ஓட்டை விழாமல் அது எந்த வாசல் வழியாக வெளியே வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

மூன்று முறை புழு எடுத்துக்கொண்ட புண்ணியவான்களில் தையற்காரரும் ஒருவர். புழுக்கள் போய்விட்டன, வீக்கம் மட்டும் போகவில்லை. அவர் மனைவி மாவு மில்லில் சலிக்கிறவள். ஊருக்கு அவள் சல்லடைக்காரி. திங்கட்கிழமை அவரைத் தரதரவென்று பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"இந்த வாரத்துக்குள்ள சீழை எடுக்கலேன்னா தொண்டைக்கு இறங்கிடும். உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

தையற்காரர் இடுக்கியைப் பார்த்தார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இரும்பு பட்டா புழு மூளைக்கு ஏறிடும்னு ஐயா சொல்லியிருக்காரு."

"ஏறினாலும் அங்க அதுக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்றாள். வயிற்றெரிச்சல் அவளுக்கு. மூன்று வாரத்துக்கு முன்பே, முதல் புழுவை அவர் பத்திரமாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். துணியின் நெசவைப் பார்க்க அவர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியிலேயே அவள் அதை அன்றைக்கே பார்த்தாள். தலைக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள்.

"வயித்துப் புழுவுக்குக் காலே கிடையாது. இப்படி ஆறு கால் இருந்தா அது பூச்சியோட பிள்ளை. இது அந்துப்பூச்சி இனம். மாவு தின்னும், பல்லைத் தின்னாது. தினமும் சல்லடையில இதோட மூஞ்சியிலதான் முழிக்கிறேன்."

சொன்னதோடு நில்லாமல் அதை மாவோடு பாட்டிலில் போட்டு வைத்தாள். பத்தாம் நாள் பாட்டிலுக்குள் அந்துப்பூச்சி பறந்தது. தையற்காரர் அதை ஐயாவிடம் கொண்டு காட்டினார். "நோய்க்குச் சிறகு முளைச்சிடுச்சு. நல்ல அறிகுறி" என்றார் ஐயா. நம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பல்லில் இருந்தது பறக்கிற வகையாம்!

இந்தத் திங்கட்கிழமை டாக்டரிடமிருந்து திரும்பிய பிறகுதான் அவளுக்கு ஐயாவின் மச்சான் நினைவுக்கு வந்தான். வாராவாரம் திங்கட்கிழமை சாயங்காலம் மில்லுக்கு வந்து, "கோழிக்கு" என்று புழுத்த மாவு வாங்கிப் போகிறவன். கோழி இல்லாத வீட்டுக்கு எதற்கு இத்தனை தீனி? கேக்குக்கு நிறம் சேர்க்கிற நீலப்பொடியைக் கடையில் வாங்கி, அன்று சாயங்காலம் அவனுக்கான மூட்டையில் இரண்டு டப்பா கலந்து கட்டினாள்.

வியாழக்கிழமை காய்ச்சலோடு கிளம்பிய கணவரின் கூடவே போனாள். அவரை உட்காரவைத்து ஐயா கண்ணை மூடச் சொன்னார். உறிஞ்சினார். துப்பினார். கிண்ணத்தில் நெளிந்த புழுவின் வயிறு நெடுக நீலக்கோடு. தண்ணீரும் லேசாக நீலம்.

கூட்டம் முணுமுணுத்தது. ஐயா அசரவில்லை. "விஷம். முத்திப்போச்சு" என்றார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சொன்னார்.

சல்லடைக்காரி எழுந்தாள். "ஐயா, எல்லார் வாயையும் பார்த்தீங்க. உங்க வாயைக் கொஞ்சம் திறங்களேன்."

"என்னையே சோதிக்கிறியா?" என்று கத்தினார் பல்லையா. கத்துவதற்கு வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? நாக்கு மைக்கூடு மாதிரி இருந்தது. அதன்மேல் அடுத்த நோயாளிக்கான புழு ஒன்று சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

அவள் பையிலிருந்த நீல மாவைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொட்டினாள். "எங்க மில்லு மாவு. மச்சான் வாங்கினதும் இதான். பல்லுல பிறந்த புழு மில்லு மாவை எப்படித் தின்னுச்சு?"

மச்சான் அதற்குள் பின்வாசல் வழியாகப் போயிருந்தான்.

தையற்காரர் கண்ணைத் திறந்தார். புழுவைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "பல் டாக்டர் இப்ப இருப்பாரா?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து அங்கேயே கூட்டிப்போனாள். அன்று மாலையே சீழ் வெளியே வந்தது. புழு ஒன்றும் வரவில்லை.

தெருவில் மட்டும் ஒரு பெரியவர் நகராமல் நின்றார். "பாவம், ஐயா வாய்க்குள்ளயே புழு வெச்சிருக்கு. எடுக்கறதுக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா?"

இவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறோம்: கண்ணை மூடச் சொல்கிறவனிடம் வாயைத் திறக்காதீர்கள். திறந்தே ஆகவேண்டுமென்றால், முதலில் அவன் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.