நானூற்றுப் பதினெட்டு பைட்

மனித குலம் இதுவரை கட்டிய பொட்டலங்களிலேயே மாட்சிமை மிக்கது, மருந்தளவுக் கையேட்டு இயக்ககம் கட்டிய பொட்டலம்தான். ஆயிரத்து நானூறு பக்கம், மாத்திரைகளின் படங்கள், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்ற காணொளிகள், முதல் பக்கத்தில் இயக்குநரின் புன்னகை. அத்தனையையும் கசக்கிச் சுருக்கி ஒரே கோப்பாக்கியிருந்தார்கள். தொள்ளாயிரம் எம்.பி. முந்நூற்றுப் பன்னிரண்டு சுகாதார நிலையங்கள் அதைக் கணினியில் திறந்து பார்த்துத்தான் மருந்து ஊற்றின.

அந்தக் கோப்பைச் சுருக்கிக் கட்டுகிறவருக்கு அலுவலகத்தில் 'பொட்டலம்' என்றே பெயர். அவருடைய அக்கா, மலைமேல் ஒரு நிலையத்தில் தலைமைச் செவிலி. ஒரு மதியம் அவள் போன் செய்தாள்.

"ஏன்டா, நாப்பதாம் பதிப்பை யாருடா சரி பாத்தது?"

"ஏன்க்கா?"

"பத்து கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து இருபத்தஞ்சு மில்லின்னு போட்டிருக்கீங்க. ஒரு வேளைக்கு அரை பாட்டில். குழந்தைக்கு ஊத்தவா, குளிப்பாட்டவா?"

பொட்டலம் திறந்து பார்த்தார். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே இருக்க வேண்டிய புள்ளியைக் காணோம்.

"எனக்குத் தெரியும், நான் ஊத்த மாட்டேன். இங்க புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. கையேட்டைப் பாத்துட்டுத்தான் மூச்சே விடறா. சீக்கிரம் திருத்தி அனுப்பு. முழுசா அனுப்பித் தொலைக்காதே. போன தடவை இறங்கவே ஒன்பது நாள் ஆச்சு. மழை தூறினா இங்க லைன் படுத்துக்கும்."

ஒரு புள்ளிதானே என்று நினைப்பவர்கள் பொட்டலம் கட்டி அறியாதவர்கள். சுருக்கிய கோப்புக்குள் ஒரு புள்ளி நுழைந்தால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் வேறு உருவம் எடுத்துவிடும். பழையதையும் புதியதையும் அப்படியே ஒப்பிட்டால் வித்தியாசமே பல நூறு எம்.பி. தேறும். பொட்டலம் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வேறு வழி கண்டார். இரண்டையும் பிரித்துப் போட்டு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் ஒரு சீட்டில் எழுதுவது. சீட்டு அங்கே போய், அங்கிருக்கும் பழையதைப் பிரித்து, புள்ளியை வைத்து, இங்கே போட்ட அதே முடிச்சுகளைப் போட்டு மறுபடி கட்டும். பழையது இம்மி மாறியிருந்தாலும் சீட்டு கையை விரித்துவிடும். இதற்கு 'ஒட்டு' என்று பெயர். எடை, நானூற்றுப் பதினெட்டு பைட். இந்தப் பத்தியில் கால்வாசி இருக்காது.

உடனே உயர்மட்டக் கூட்டம் கூடியது.

"எவ்வளவு பெரிசு?" என்றார் இயக்குநர்.

"நானூத்திப் பதினெட்டு, சார்."

"எம்.பி.யா?"

"பைட், சார்."

பொட்டலத்தின் மேலாளர்தான் நிலைமையைச் சமாளித்தார். "வேலை நடந்துக்கிட்டிருக்கு சார். போகப் போகப் பெரிசாகும்."

"இத்தனூண்டை நான் எப்படிய்யா தொடங்கி வைக்கறது? சரி, புதுப் பதிப்புல என் பதவி சரியா வந்திருக்கா?"

இயக்குநர் அதற்கு முந்தைய வாரம்தான் 'தலைமை இயக்குநர்' ஆகியிருந்தார். அதுவும் முன்தேதியிட்டு. அதன்படி பார்த்தால், நாற்பதாம் பதிப்பு வெளியான அன்றே அவர் தலைமை இயக்குநர்தான். தெரியாமல் இருந்தது அவ்வளவே. இந்த 'வரலாற்றுப் பிழை'யைப் பொறுக்க முடியாத மேலாளர், அன்று மாலையே தலைமையகத்துப் பழைய பொட்டலத்தைப் பிரித்து, 'தலைமை'யைச் செருகி, மறுபடி கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம்.

பதவியும் புள்ளியும் திருந்திய நாற்பத்தோராம் பதிப்பைக் கட்டி, தலைமையகத்துப் பழையதோடு ஒப்பிட்டு, பொட்டலம் புதிதாக ஒட்டு செய்தார். தலைமை இயக்குநர் நாடாவை வெட்டிப் பொத்தானை அழுத்தினார். முந்நூற்றுப் பன்னிரண்டு நிலையங்களிலிருந்தும் ஒரே குரலில் பதில் வந்தது: 'பழைய பதிப்பு பொருந்தவில்லை.'

காரணத்தைக் கண்டுபிடித்த பொட்டலம், தலைமை இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், அவங்ககிட்ட இருக்கற பழசும் நம்மகிட்ட இருக்கற பழசும் வேற வேற. அசல் நாப்பது என் மேசையில இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க, வேற ஒட்டு செஞ்சிடறேன்."

"அசலா? அதுல நான் யாரு?"

"இயக்குநர், சார்."

"அப்ப அது எப்படிய்யா அசலாகும்?"

மேலாளர் நெஞ்சில் கை வைத்தார். "முந்நூத்திப் பன்னெண்டு எடத்துலயும் போலி ஓடிக்கிட்டிருந்திருக்கு சார்!"

போர்க்கால அடிப்படையில் முடிவெடுக்கப்பட்டது. முதலில், 'தலைமை' சேர்த்த 'அசல்' நாற்பதாம் பதிப்பை எல்லா நிலையங்களுக்கும் முழுதாக அனுப்புவது. கடைசி நிலையமும் பெற்றுக்கொண்ட பின், ஒட்டு. ஆறு வாரம்.

"சார், அதுல புள்ளி இருக்காதே?"

"ஒவ்வொண்ணாத்தான்யா பண்ண முடியும்."

பொட்டலம் சாப்பாட்டு நேரத்தில் தானே ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட ஆரம்பித்தார். "கடிதம் இருக்கா?" என்றார்கள். "எந்தப் பதிப்புல இருக்கு, சொல்லுங்க" என்றார்கள். முப்பத்தெட்டாவது நிலையம் மேலாளரிடமே புகார் சொன்னது. மறுநாள் பொட்டலத்தின் மேசையில் போன் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடை போனில் அக்காவை மட்டும் பிடித்தார்.

"ஆறு வாரமா? வெச்சிருடா போனை" என்றாள் அக்கா. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, 'இரண்டரை மட்டும்' என்று பேனாவால் எழுதி, காய்ச்சல் மருந்து பாட்டிலின் மேல் ஒட்டினாள். புதிதாக வந்த பெண்ணைக் கூப்பிட்டு, "கையேடு கெடக்கட்டும், இதைப் பாரு" என்றாள்.

ஏழாம் வாரம் திட்ட நிறைவு விழா. ஒட்டு எல்லா நிலையங்களிலும் பிசகின்றிப் பொருந்தியதாகத் தலைமை இயக்குநர் தழுதழுக்க அறிவித்தார். விழாவை ஒட்டி இரண்டு உத்தரவுகள் வெளியாயின. ஒன்று, மலைமேல் நிலையத்தின் தலைமைச் செவிலிக்குக் குற்றக் குறிப்பாணை: அங்கீகரிக்கப்படாத பிளாஸ்திரியைப் பயன்படுத்தி, பதினேழு குழந்தைகளைப் பதிப்புக்குப் புறம்பாகக் குணப்படுத்தியது. மற்றொன்று, அந்த ஆறு வாரமும் கையேட்டிலிருந்து இம்மியும் விலகாமல் மருந்து அளந்து கொடுத்த மற்ற முந்நூற்றுப் பதினொரு நிலையங்களுக்கும் பாராட்டுப் பத்திரம்.