அம்பியர் அண்ணையும் கரண்ட் எடுக்காத கெற்றிலும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் கரண்டுக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கரண்டைத் திருடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கரண்டோடு குடித்தனம் நடத்தியவர் அம்பியர் அண்ணை ஒருவர்தான்.

எலக்ட்ரீஷியன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கப்பல் கொம்பனியில் ஸ்ரோர் கீப்பர்; கயிறும் பெயின்ற்றும் எடுத்துக் கொடுப்பது வேலை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோய், இரண்டே இரண்டு விஷயம் மட்டும் அவர் தலையில் தங்கிவிட்டது. வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை. வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வலு. இந்த இரண்டுக்குள் அடங்காத எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

செத்த வீட்டுக்குப் போனால் அழுகிற மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஐஸ் பெட்டி எத்தனை அம்பியர்?" என்று கேட்பார். சலூனில் மெஷினின் வலுவைச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு பாதி வெட்டிய தலையோடு எழும்பி வந்திருக்கிறார். ஐம்பது வயது தாண்டியும் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டேன்.

"லோட் தாங்காதடா" என்றார்.

நானும் அதே கொம்பனியில் கிளார்க். ஒரு வீட்டின் பின்பக்கத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறைக்கும் சமைக்க ஒரு குசினி, ஒரே ஒரு ட்ரிப் சுவிச்; பத்து அம்பியரைத் தாண்டினால் விழுந்து இரண்டு அறையையும் இருட்டாக்கிவிடும். நான் சேர்ட்டை அயன் பண்ண எடுத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஓவனை நிப்பாட்டினியா?" என்று குரல் வரும்.

இப்படியிருக்க எனக்கொரு சம்பந்தம் வந்தது. கிளிவெட்டியில் அரிசி மில் வைத்திருப்பவரின் மகள். படத்தில் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் எனக்குத் தாய் தகப்பன் இல்லை. "பெடியனுக்குப் பின்னால ஆர் இருக்கினம் எண்டு பார்க்க வேணும்" என்று சொல்லி, மில்காரரும் மனைவியும் நேரிலேயே வருவதாகத் தகவல் அனுப்பினார்கள். எனக்குப் பின்னால் இருந்தது சுவர். சுவருக்குப் பின்னால் அம்பியர் அண்ணை.

"ஒண்டுக்கும் யோசிக்காதை. தேத்தண்ணியும் கரண்டும் என்ர பொறுப்பு" என்றார்.

அன்றைக்கென்று வயரைக் கவ்விப் பிடித்து அம்பியரை அளக்கிற கிளாம்ப் மீற்றர் ஒன்றை வேலைத்தலத்தில் இரவல் வாங்கி வந்தார். மற்றச் சாமான்களின் கணக்கு அவருக்கு மனப்பாடம். ரோல்ஸ் சூடாக்கும் ஓவன் ஐந்து அம்பியர், பிரிட்ஜ் ஒன்று, ஃபான் அரை. தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கவைக்கப் புதிதாக வாங்கிய கெற்றில் மட்டும்தான் புதிர். அதன் வயரை மீற்றரால் கவ்விப் பார்த்தார். பூச்சியம் காட்டியது. மூச்சுவிடாமல் மறுபடியும் பார்த்தார். பூச்சியம்.

"தம்பி, இருநூற்று முப்பது வோல்ற்றைப் பூச்சியத்தால பெருக்கினா வலு பூச்சியம். பிரிச்சா தடைக்கு அளவே இல்லை. இந்தக் கெற்றில் கரண்டே எடுக்கேல்ல!"

"தண்ணி கொதிக்குதே அண்ணை?"

"அது தண்ணியின்ர பிரச்சினை."

மில்காரரும் மனைவியும் வந்து கதிரையில் அமர்ந்தார்கள். குசினியில் அண்ணை ஓவனைப் போட்டார். கணக்கில் வராத கெற்றிலையும் தாராளமாகப் போட்டார். மில்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பியின்ர ஆக்கள்..." என்று தொடங்கினார். டக். ஃபான் நின்றது. அண்ணை ஓடிவந்து சுவிச்சைத் தூக்கிவிட்டுப் போனார். மில்காரர் மறுபடி, "தம்பியின்ர ஆக்கள்..." டக். மாமியாராக வர இருந்தவர் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார். சம்பந்தம் வேர்வையோடு வழிந்து போவதை நான் கண்ணால் கண்டேன்.

மூன்றாவது டக்குக்கு மில்காரர் எழும்பிக் குசினிக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். அண்ணை கெற்றிலின் அதிசயத்தை அவருக்கு விளக்கினார். மில்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன்; சிரிக்கவில்லை. மீற்றரைக் கையில் வாங்கினார்.

"என்ன வேலை பார்த்தியள்! ரெண்டு வயரையும் சேர்த்தெல்லோ பிடிச்சிருக்கிறியள். போற கரண்டும் வாற கரண்டும் ஒண்டையொண்டு வெட்டிப்போடும். பூச்சியம்தான் காட்டும். ஒரு வயரைத் தனியாப் பிடியுங்கோ."

பிளக்கைக் கழற்றி, மரக்கறிக் கத்தியால் வயரின் மேல்தோலை உரித்து, ஒரு வயரை மட்டும் கவ்விவிட்டு, மற்றதையெல்லாம் நிறுத்திக் கெற்றிலைப் போட்டார்கள். எட்டு!

"எட்டு!" என்று அண்ணை கத்தினார், பிள்ளை பிறந்ததுபோல. "ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வாட்! தடை இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு!"

அதற்குப் பிறகு என்னை யார் பார்த்தார்கள்? இரண்டு பேரும் குசினி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு மில் மோட்டரைப் பற்றிக் கதைத்தார்கள். முன் அறைக்குத் திரும்பிய நானும் மாமியும் நின்றுபோன ஃபானுக்குக் கீழே ஒருவரையொருவர் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தோம்.

தேத்தண்ணி வந்ததும்தான் மில்காரருக்கு வந்த காரியம் நினைவு வந்தது. "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று என்னைக் கேட்டார். தூரத்துப் பெரியப்பா என்று சொல்ல ஆயத்தமாகத்தான் இருந்தேன். அண்ணை முந்திக்கொண்டார்.

"முறை ஒண்டுமில்லை ஐயா. ரெண்டு அறைக்கும் ஒரு ட்ரிப் சுவிச். இவன் வேலையால வந்து என்னத்தையாவது போட்டா எனக்கு லைற் போகும். லைற் போகாட்டி இவன் இன்னும் வரேல்ல. வாசல் கேற்றடியில போய் நிப்பன்."

எனக்கு அது அன்றுவரை தெரியாது. எத்தனையோ நாள் நான் பிந்தி வரும்போது அவர் கேற்றடியில்தான் நின்றிருக்கிறார். காற்று வாங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

மில்காரர் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார். "அப்ப கலியாணத்துக்கு நாள் பார்ப்பம்" என்றார், என்னைப் பார்த்தல்ல, அண்ணையைப் பார்த்து.

இப்போது அண்ணை மட்டக்களப்பில் தங்கை வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் புது வயர், பெரிய ட்ரிப் சுவிச். எத்தனை கெற்றில் போட்டாலும் விழாது. ஆனாலும் தேத்தண்ணி வைக்கும்போது நான் ஃபானை நிறுத்திவிடுவேன். "உங்களுக்கென்ன விசரா?" என்று மனைவி கேட்பாள். தண்ணீர் கொதிக்கும்வரை வேர்த்துக்கொண்டு நிற்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணை இருப்பதுபோல இருக்கும்.