மாமாவுக்குத் தெரியக்கூடாத வீண்செலவுகள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும். அப்பா ஒன்பது நாளாக அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதால் அதை அடுத்த கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன். பதற வேண்டாம். ரத்தத்தில் ஏதோ கோளாறு. வாரம் ஒன்று வீதம் ஆறு ஊசி. ஒன்று போட்டாயிற்று.

நாலு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்களே, அதிலிருந்து நீங்களும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. எழுபது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் விலை கூடிய மருந்து வாங்குவது வீண்செலவு என்றீர்கள். தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர் வேறு எப்படிப் பேசுவீர்கள்? அரசு பஸ் ஓட்டிய அப்பாவோ, "ஒரே ஒரு ஆளை ஏத்திக்கிட்டு நாப்பது சீட்டு வண்டியைக் கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டியிருக்கேன் மச்சான். அந்த ஆள்கிட்டப் போய் வீண்செலவுன்னு சொல்லுங்க" என்றார். அம்மா இருந்திருந்தால் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இங்கே நடப்பது எதையும் மாமாவுக்கு எழுதாதே என்பது அப்பாவின் உத்தரவு. அதனால்தான் எழுதுகிறேன். வந்த அன்று அவரால் நடக்க முடியவில்லை, வாசலில் பதினாலு சக்கர நாற்காலிகள், திருட்டுப் போகாமல் இருக்க எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் பூட்டியிருந்தார்கள், சாவி இரண்டாம் மாடி ஸ்டோரில், நோயாளியே நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார் ஸ்டோர்க்காரர், லிஃப்ட் பழுது, அப்பா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, கையெழுத்துப் போட்டு, இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இதை மட்டும் உங்க மாமாகிட்ட சொல்லிடாத." டோக்கன் கொடுக்க ஒரு மெஷின் இருக்கிறது, அது துப்பும் டோக்கனைக் கிழித்துத் தர ஒருவர் இருக்கிறார், அவர் டீ குடிக்கப் போனால் மெஷினுக்குத் துணி போர்த்த இன்னொருவர் வருகிறார்.

எந்த நேரமும் நீங்கள் வந்து நிற்பீர்கள் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. பட்டப்பகலில் காலி வராந்தாவில் எரியும் விளக்குகளை, சலைன் கம்பியையும் தள்ளிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வருகிறார். போன வாரம் எக்ஸ்ரே அறை விளக்கையும் அணைத்துவிட்டார். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

"பெரியவரே, இது என்ன உங்க வீட்டு கரண்டா?" என்று நர்ஸ் சத்தம் போட்டார்.

"ஆமாம்மா, என் வீட்டு கரண்ட்தான். எங்க மச்சான் ஆடிட்டுல இருந்தவரு. வந்தார்னா மானம் போயிடும்."

அன்றிலிருந்து காலையில் காய்ச்சல் பார்க்க வரும்போதெல்லாம் நர்ஸ், "இன்னிக்கு ஆடிட் உண்டா?" என்று கேட்கிறார். "நாளைக்கு வருவார்" என்கிறார் அப்பா. தினமும் அதையே சொல்கிறார். அவர் கைக்கடிகாரம் இப்போது முழங்கை வரை ஏறுகிறது. அதைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.

மற்றபடி அவசரம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் வந்தால் போதும், சண்டை போட அவருக்கும் தெம்பு வந்திருக்கும். அத்தையின் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஆசீர்வாதம் தபாலிலும் வரும் என்று நம்பும்,
உங்கள் தங்கை மகள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் டாக்டர் இரண்டாவது ஊசியோடு வந்துவிட்டார். அதன் விலையை அப்பா கேட்டார். டாக்டரும் சொல்லிவிட்டார். அப்பா மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு வேணாம். சின்ன வயசுக்காரங்க யாருக்காவது போடுங்க" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் வெளியே எடுக்கவில்லை. "மச்சான் சொன்னது சரிதான்னு எழுதிடு" என்றார் என்னிடம். இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, மாமா. பயமாக இருக்கிறது.

மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் ஊருக்கு வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரோடேயே கிளம்பி வாருங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் ஊசியோடு வருவார்கள். அதற்குள் அவரிடம் நீங்கள் தோற்றாக வேண்டும். ஆனால் வந்ததும் ஒத்துக்கொள்ளாதீர்கள், சந்தேகப்படுவார். கொஞ்ச நேரம் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு, அப்புறம் தோற்றுப்போங்கள்.