வயரிங் செய்தது யார்?

வேலன் கொண்டுபோன முப்பது கோயில் விளக்குப் படங்களையும் லைசன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் திருப்பித் தள்ளினாள்.

"எல்லா லைட்டிலயும் 'உபயம்: கந்தப்போடி' எண்டுதானே கிடக்கு. நீங்க செய்த வேலைக்கு அத்தாட்சி எங்க?"

கிரான் ஊரில் வட்டைக்கரைப் பிள்ளையார் கோயிலுக்குப் பதினாறு வருடமாக வயர் இழுத்தவன் அவன். இந்த வருடம் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் திருவிழா வேலை செய்யலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. லைசன்ஸ் எடுக்கவோ முன்பு செய்த வேலைக்கு அத்தாட்சி வேண்டும். டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயரை வெளிச்சமே மறையும்படி கண்ணாடியில் எழுதுகிற ஊரில், ஏணியில் ஏறியவன் பெயரை யார் எழுதப்போகிறார்கள்?

"லைசன்ஸ எடுக்காம விடமாட்டன் புள்ள," என்று வீட்டுக்கு வந்து மனைவி கலாஜினியிடம் சபதம் போட்டான்.

"வண்ணக்கரிட்ட ஒரு கடிதம் வாங்குங்களன்," என்றாள் அவள்.

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் வினாயகமூர்த்தி மறுக்கவில்லை. முத்திரையும் குத்தி அழகாக எழுதிக் கொடுத்தார்: 'பிள்ளையார் திருவருளாலும் கந்தப்போடியார் உபயத்தாலும் ஆலயம் ஒளிபெற்று வருகிறது.'

"ஐயா, என்ட பேரக் காணல்லியே?"

"பிள்ளையாரையும் போடியாரையும் போட்டிரிக்கன். அதுக்குக் கீழ ஒண்ட பேர் வந்தா நல்லாவா இரிக்கும்?"

வேலன் சளைக்கவில்லை. நேரே கந்தப்போடியிடமே போனான். நூறு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர் அவர். புகழ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"போடியார், கோயில் வயரிங் செய்தது ஆர் எண்டு ஒரு வரி எழுதித் தந்தாப் போதும்."

"அதுக்கென்ன மனே, எழுதினாப் போச்சி!"

எழுதினார். வேலன் கையில் கொடுக்காமல் லைசன்ஸ் அலுவலகத்துக்குத் தானே பதிவுத் தபாலிலும் போட்டார். பிறகுதான் நகலைக் காட்டினார்: 'பதினாறு வருடமாக ஆலயத்தின் மின்வேலை முழுவதையும், ஒரு வயர் விடாமல், நானே செய்து வருகிறேன். இப்படிக்கு, கந்தப்போடி.'

"போடியார்! நீங்க டெஸ்டர் புடிச்சதக்கூட நான் காணல்லியே!"

"லைட் என்ட. வயர் என்ட. வேலை மட்டும் ஒண்டயாடா?"

வேலன் அப்போதும் விடவில்லை. மெயின் சுவிட்ச் பெட்டிக்கு மேலே சுவரில் 'வயரிங்: வேலன்' என்று சிவப்புப் பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதினான். இரண்டு நாளில் அந்த இடத்தில் கந்தப்போடியின் பெயர் பொறித்த மாபிள் கல் முளைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் ஜீப் வந்து நின்றது. லைசன்ஸ் அலுவலகத்து அதிகாரி பிரஷாந்தி, கந்தப்போடியின் கடிதத்தோடு இறங்கினாள். தன் விண்ணப்பத்தை விசாரிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று வேலன் ஓடி வந்தான். கந்தப்போடி பட்டுச் சால்வையோடு அவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இஞ்ச வயரிங் செய்தது ஆர்?" என்று கேட்டாள் அதிகாரி.

"நான்தான். ஒரு வயர் விடாம," என்றார் கந்தப்போடி.

"பொய் மிஸ்! நான்தான் செய்தனான்! வண்ணக்கர், நீங்களாவது சொல்லுங்க!"

வண்ணக்கர் மாபிள் கல்லைப் பார்த்தார். போடியார் முகத்தைப் பார்த்தார். "போடியார்தான் மிஸ்," என்றார்.

"கடிதத்தில இரிக்கிற கையெழுத்தும் உங்கடதானே ஐயா?" என்று அதிகாரி கந்தப்போடியைக் கேட்டாள்.

"சந்தேகமே வேணாம். இன்னொருக்கா வேணுமெண்டாலும் போட்டுத் தாறன்."

அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினாள். கந்தப்போடி வாசித்தும் பார்க்காமல் பேனாவைத் திறந்தார். பதினாறு வருட உழைப்பும் கண் முன்னாலேயே பறிபோகிறதே என்று வேலன் போடியாரை விலக்கிக்கொண்டு வந்தான். "குடுக்காதீங்க மிஸ்! அது என்ட பேருக்கு வரவேண்டியது!" என்று படிவத்தைப் பறிக்கப் பாய்ந்தான்.

ஜீப் சாரதி முனாப் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்:

"ஏந் தம்பி குறுக்க விழுறாய்? லைசன்ஸ் இல்லாமப் பதினாறு வருசம் வயரிங் செய்தவருக்கு வழக்குப் போடத்தானே நாங்க வந்திரிக்கம்!"