ஆட்சேபணை ஏதுமில்லை

டெல்லியில் பாயிண்டு சாருக்குப் பயப்படாத சங்கத் தலைவர் ஒருவர்கூடக் கிடையாது. 'பாயிண்ட் ஆஃப் ஆர்டர்', அதாவது நடைமுறை தவறுகிறது, என்று கை தூக்காமல் எந்தக் கூட்டத்தையும் அவர் முடிய விட்டதில்லை. அதனால் வந்த பெயர். திருநெல்வேலிக்காரர். கரோல் பாக்கில் செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வங்கிக் கணக்குத் தணிக்கையாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர். நான் செயலாளர்.

ஒருமுறை இரங்கல் கூட்டம். இரண்டு நிமிட மௌனம் முடிந்து உட்காரப் போனோம்.

"பாயிண்ட் ஆஃப் ஆர்டர்! இன்னும் இருபது செகண்டு பாக்கி இருக்கு."

மறுபடி நின்றோம். ஜனக்புரியில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு முன்னால் ரசம் வந்தபோதும் கை தூக்கினார். "பைட்டியே ஜி, பைட்டியே" என்று அவரை உட்காரச் சொல்லிக் கெஞ்சியே எங்கள் பஞ்சாபித் தலைவருக்குத் தொண்டை கட்டிவிடும்.

சென்ற வருடம் மத்திய வங்கி, வங்கி வாடிக்கையாளர்கள் பற்றிய ஒரு புதிய விதியின் வரைவை அனுப்பிச் சங்கத்தின் கருத்தைக் கேட்டது. அதை முழுக்கப் படித்தவர் பாயிண்டு சார் ஒருவர்தான். கையால் எழுதிய ஒரு கற்றைக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"டைப் பண்ணி அனுப்பிரும்வே. ஏழாம் பக்கம் ரொம்ப முக்கியம்."

அன்று கிரிக்கெட் மேட்ச். கற்றையை மேஜை டிராயரில் போட்டேன். 'எங்களுக்கு ஆட்சேபணை ஏதுமில்லை' என்று ஒற்றை வரியில் மெயில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் கேட்டார். "அனுப்பியாச்சு சார்" என்றேன், கூசாமல்.

அடுத்த மாதம் மத்திய வங்கி அதிகாரி ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். பாயிண்டு சார் கை தூக்கியதும் வழக்கம்போல ஹாலே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் நேரில் வந்தே கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்களே, படுத்த படுக்கையாகக் கிடப்பவர் எப்படி வருவார் என்று இந்தியில் கேட்டார் பாயிண்டு சார்.

"நல்ல கேள்வி. ஆனால் ஆட்சேபணையே இல்லை என்று உங்கள் சங்கம் எழுதியிருக்கிறதே?" என்றார் அதிகாரி.

நான் நோட்டில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்தேன். பாயிண்டு சார் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, தான் தாமதமாக எழுதியதுதான் தப்பு என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார்.

கூட்டம் முடிந்து மெட்ரோ வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், நான் அனுப்பவே இல்ல."

"தெரியும்வே. நேத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"வெளியாள் முன்னால செயலாளரை விட்டுக்கொடுத்தா, பொறவு சங்கம்னு ஒண்ணு எதுக்குவே? நம்ம கூட்டத்துல கேப்பேன். ரெடியா இரும்."

இரண்டு வாரம் கழித்துப் பொதுக்குழு கூடியது. அவர் கை தூக்குமுன் நானே எழுந்து டிராயர், மேட்ச், பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிய பதினோரு பக்கத்தையும் படிக்கவில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பாயிண்டு சார் மெதுவாக எழுந்தார். "பன்னெண்டு பக்கம்வே. கடசிப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பாக்கல நீரு." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு வங்கி ஊழியரே போக வேண்டும் என்று பிறகு விதியில் ஒரு வரி சேர்ந்தது.

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு அவர் வரத் தாமதமானால், தொடக்க மணியை அடிக்க எனக்குக் கை வருவதில்லை. ஜன்னலில் நின்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.